நான்காம் நிலைப்பாட்டுக்கு ஒரு சாட்சி

1

நேற்று என் தங்கை மெர்சிக்குக் கல்யாண நாள். இரண்டாம் கல்யாணத்தின் முதல் ஆண்டு நிறைவு. இங்கே கால்கரியில் விடிந்தும் விடியாத காலை, காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பட்டாபிராமில் அப்போது மாலை ஏழு மணி இருக்கும். வாழ்த்து அனுப்பலாமென்று கையுறையைக் கழற்றிவிட்டு போனை எடுத்தேன். எனக்கு முன்பே யாரோ ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். பெயர் தெரியாத இந்திய எண். படித்துவிட்டுச் சுரண்டியைப் பனியிலேயே போட்டுவிட்டேன்.

அந்தச் செய்தி ஏன் எனக்கு வந்தது என்று புரிய வேண்டுமானால், போன வருடம் நான் செய்துவைத்த காரியத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ஊர் வாசகர்களுக்குப் பனியைப் பற்றியும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் பெருமையாக எழுதிப் பழகியவன் நான். இந்தத் தடவை பெருமைப்பட எதுவும் இல்லை.

இதை எழுதலாமா என்று மெர்சியிடம் கேட்டேன். எழுதியதைப் போனில் படித்தும் காட்டினேன். இரண்டு இடங்களில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். போன வருடமும் இப்படிக் கேட்டிருந்தால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

2

இங்கே ஒரு குழு இருக்கிறது. பெயர் வேண்டாம், குழு என்றே சொல்கிறேன். பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பள்ளி அரங்கில் கூடுவார்கள். குடும்பம், திருமணம், கல்வி, உயிர் ஆகியவற்றில் அரசாங்கம் என்ன சட்டம் கொண்டுவருகிறது என்று பார்ப்பார்கள், எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதுவார்கள், தேர்தல் வந்தால் வேட்பாளர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பார்கள். அவர்களுடைய கொள்கை எல்லாம் பன்னிரண்டு நிலைப்பாடுகளாக ஒரு தாளில் அச்சாகியிருக்கும். கருவில் இருக்கும் உயிரும் உயிரே. தீராத நோய் என்றாலும் மருத்துவரே ஊசி போட்டு உயிரை முடிக்கக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் பாடம் எப்போது, எப்படி என்பதைத் தாய் தகப்பன் தீர்மானிக்க வேண்டும். நான்காவது, திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஆயுள் முழுவதற்குமானது. கடைசியில் சூதாட்ட விடுதிகள் வேண்டாம் என்பது வரை போகும்.

நான் ஏன் போய்ச் சேர்ந்தேன் என்று என் மகள் ரெபேக்கா இப்போது கேட்கிறாள். பயந்துபோய்ச் சேர்ந்தேன் என்பதுதான் உண்மையான பதில். அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர மாட்டேன் என்றாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. மிகவும் மரியாதையாக, கடையில் வேண்டாத சாமானைத் திருப்பிக் கொடுப்பவள்போலச் சொன்னாள். தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் சமாதானம் சொல்வாள். என் வீட்டுக்குள் ஒரு வெளிநாடு வளர்ந்துகொண்டிருந்தது, அதற்கு எனக்கு விசா கிடைக்கவில்லை.

குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். கேலி செய்ய நினைத்தால் செய்யலாம், ஆனால் எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு மாதம் எங்கள் வாசலில் பனி தள்ளியது அவர்கள்தான். ஒருங்கிணைப்பாளர் மார்கரெட் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாகக் கிடந்த கணவரை இரண்டு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவர். உயிரைப் பற்றி அவர் பேசினால் அது தாளில் இருப்பதைப் படிப்பதுபோல் இருக்காது. அவர் ஒருநாள், "உங்கள் மொழிக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்களே, இந்தத் தாளைத் தமிழில் தர முடியுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். இந்த நாட்டில் என் தமிழை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

3

அவர்கள் கேட்டது பன்னிரண்டு நிலைப்பாடுகளை மட்டும்தான். சாட்சிகளைச் சேர்த்தது நான்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி இல்லாமல் எதுவும் நடக்காது. வேலை கிடைத்தால், காய்ச்சல் விட்டால், பையன் அரியர் பேப்பரில் தேறினால், எழுந்து நின்று நடந்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். கேட்டே வளர்ந்தவன் நான். சாட்சிக்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் கண்ணீர், நடுவில் ஜெபம், கடைசியில் சந்தோஷம். கடைசியில் சந்தோஷம் இல்லாவிட்டால் எழுந்து நிற்கவே மாட்டோம். வெறும் கொள்கையை நீட்டினால் நம் ஆட்கள் விசிறிக்கொள்ள வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு நிலைப்பாட்டுக்குக் கீழேயும் ஒரு சாட்சி எழுதினேன்.

மற்றவை எல்லாம் இங்கே கேட்ட கதைகள். நான்காவதற்குத்தான் கதை கிடைக்கவில்லை. மெர்சியை எடுத்துக்கொண்டேன்.

மெர்சி அதற்கு ஐந்து வருடம் முன்பு முதல் கணவனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்தவள். வந்த மறுநாள் எனக்குப் போன் செய்தாள். நான் ஒரு மணி நேரம் அவளுக்கு வேத வசனம் சொன்னேன். பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு, அவன் மாறுவான், திரும்பிப் போ என்றேன். அண்ணன் பேச்சைத் தட்டாமல் போனாள். பதினோராம் நாள் திரும்பி வந்தாள். இடது மணிக்கட்டுக்குள் இப்போது ஒரு உலோகத் தகடு இருக்கிறது. அதை எழுதிக்கொள் என்றாள், அதற்கு மேல் வேண்டாம் என்றாள். அந்தப் பதினொரு நாள் அவளுடையது.

தாளில் நான் எழுதியது இது. "பட்டாபிராமைச் சேர்ந்த சகோதரி எம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்பவர், பாடகர் குழுவில் பாடுபவர். மனக்கசப்பால் கணவனைப் பிரிந்தார். கனடாவில் இருக்கும் அண்ணன் கண்ணீரோடு ஜெபித்து ஆலோசனை சொல்ல, கணவனிடம் திரும்பினார். இன்று அவர்கள் சமாதானமாக வாழ்கிறார்கள்." மனக்கசப்பு என்று போட்டதும் நான்தான். ஆனால் கடைசி வாக்கியம்தான் முழுப் பொய். கை கூசவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். கூசியது. வடிவம் அதைக் கேட்டது, எழுதிவிட்டேன். ஜெப உதவிக்கு என்று தாளின் அடியில் என் வாட்ஸப் எண்ணையும் போட்டேன்.

முந்நூறு பிரதிகள் இங்கே தமிழ் சபைகளில் போயின. யாரோ அதைப் படமெடுத்தார்கள். படம் என்னைவிட வேகமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

4

அந்தச் சமயத்தில் மெர்சிக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவளுடைய கம்பெனி பஸ்ஸை ஓட்டும் பாக்கியநாதன், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டிருந்தார். அவளும் சரி என்றிருந்தாள். சபையில் கல்யாணம் நடத்தப் போதகரும் சம்மதித்துவிட்டார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். எனக்குத் தெரிந்து யாரும் எழுந்து தடை சொன்னதில்லை. அந்த ஒரு நிமிடம் சபையே பெண்ணைத் திரும்பிப் பார்க்கும், பிறகு பாட்டு.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலை வாசித்த அன்று, சபைச் செயலாளர் தங்கராஜ் அண்ணன் தடை எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவோடு ராணுவக் கிடங்கில் ஒன்றாக வேலை பார்த்தவர், என்னைத் தோளில் தூக்கியவர். அவர் இணைத்திருந்த ஆதாரம் என் தாள்.

மெர்சி போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னாண்ணா இது? நான் அவனாண்ட சமாதானமா வாழறேனாமே?"

"மெர்சி, அது வந்து... பேர் போடலையே..."

"பேரு போடல. பட்டாபிராம், எஸ்டேட், பாட்டு, கனடா அண்ணன், எல்லாம் போட்டுகீற. ஊர்ல எத்தினி பேருண்ணா அப்டி கீறாங்க?"

"நான் ஐயருக்குப் போன் பண்ணி..."

"போன்லாம் வாணாம். போன்லதான் நீ என்ன திருப்பி அனுப்புன. நேர்ல வா."

ஒரு வாரத்தில் கிளம்பினேன். என் மனைவி பெட்டியை அடுக்கினாள். ரெபேக்கா மட்டும் கார் வரை வந்து, "அத்தைகிட்ட பர்மிஷன் கேட்டீங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன். "ஸ்கூல்ல என்ன சொல்லித் தராங்கன்னு உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணும்னு லெட்டர் எழுதினீங்க, இல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். விமானத்தில் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் இருந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

5

பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பழக்கத்தில் கடைக்காரரிடம் "ஹௌ ஆர் யூ" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்லா கீறேன் சார், நீங்க நல்லா கீறீங்களா?" என்றார். நன்றாக இல்லை என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

சபைக் கமிட்டி எழுத்தில் கேட்டது. அந்தச் சாட்சி உண்மையல்ல என்று நான் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், நோட்டரி கையெழுத்தோடு. ஆவடியில் ஒரு நோட்டரியிடம் போனேன். ஆதார் கார்டு கேட்டார். கனடா பாஸ்போர்ட்டை நீட்டினேன். "லோக்கல் அட்ரஸ் ப்ரூஃப் இல்லாம எப்டி சார்?" என்றார். இந்த ஊரில் பிறந்தவன் ஐயா என்றேன். ஊரில் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்றார். என்னிடம் இருந்ததெல்லாம் பிறந்த இடம் என்று வெள்ளைக்காரன் பாஸ்போர்ட்டில் அச்சடித்த ஒரு வரி. மூன்று நாள் அலைந்தேன். பொய்யை எழுத எனக்கு ஒரு மத்தியான வேளை போதுமாக இருந்தது.

மெர்சி அந்த மூன்று நாளும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சாப்பாடு போடுவாள், பேச மாட்டாள். கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அங்க போயி என் கதைய சொல்லிகினு நிக்காதே. நான் அடி வாங்குனேன், கை ஒட்ஞ்சிச்சுன்னு நீ அழுதுகினே சொல்லுவ. எல்லாம் உச்சு கொட்டுவாங்க. அதுவும் ஒரு சாட்சிதாண்ணா."

"சொல்லாவிட்டால் எப்படி நம்புவார்கள்?"

"நம்பாட்டி போட்டும். ஒரு தபா என்ன கேக்காம எழுதுன. மறு தபா என்ன கேக்காம பேசாத."

அவள் சொன்னது சரி. பட்டாபிராமுக்கு வரும் வழியெல்லாம் நான் மனதுக்குள் அந்தக் கூட்டத்துக்கான கண்ணீர்ச் சாட்சியைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர், ஜெபம், சந்தோஷம்.

கோயிலுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் ஐயரும் கமிட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜ் அண்ணன் என் தாளை மடிப்பு நீக்கி மேஜைமேல் வைத்தார்.

"இன்னா சாமு, இது நீ எழுதுனதுதானே?"

"நான்தான் அண்ணே."

"அவ புருசனாண்ட திரும்பிப் போனான்னு எழுதிகீற. போனாளா, போகலையா?"

"போனாள்."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மெர்சி கதவோரம் நின்றிருந்தாள்.

"அப்பால சமாதானமா வாழறான்னும் எழுதிகீற."

"அது பொய். நானே எழுதிய பொய். போகச் சொன்னவன் நான். போனாள், பதினொரு நாளில் வந்துவிட்டாள்."

"ஏன் வந்தா?"

மெர்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கையையும் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை அண்ணே. என் தப்பு எதுவோ அதைச் சொல்லிவிட்டேன்."

"இன்னாப்பா இது, பொய்ய அச்சடிச்சு தர, நெசத்த சொல்ல மாட்டேன்றே" என்றார் தங்கராஜ் அண்ணன். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

ஐயர்தான் முடித்துவைத்தார். மெர்சியிடம் தீர்ப்பு நகலைக் கேட்டார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பதினொரு நாள் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் தீர்ப்பு வந்திருந்தது. தேதியை இரண்டு முறை பார்த்தார். "சட்டப்படி தடை இல்லை. வர்ற ஞாயிறு மூணாம் ஓலை வாசிப்பேன்" என்றார். அப்படியே வாசித்தார். என் உறுதிமொழிப் பத்திரத்தை யாரும் பிரித்தும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது தங்கராஜ் அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டே மெர்சியிடம், "எனக்கு உன் மேல பகை இல்லம்மா. அண்ணன் எழுதினா நெசமா இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றார். அதை அவர் அவளிடம்தான் சொன்னார். எனக்குத்தான் சுட்டது.

கல்யாணத்துக்கு இருந்தேன். பெண்ணைக் கோயிலுக்குள் அழைத்துப் போவது எங்களில் தகப்பன், அவர் இல்லாவிட்டால் அண்ணன். நான் கோட்டு சூட்டோடு வாசலில் தயாராக நின்றேன். மெர்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உள்ள போயி குந்துண்ணா" என்றாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பூந்தமல்லி பாய் பிரியாணி பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

6

திரும்பி வந்து மார்கரெட் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "உங்களை நாங்கள் கதை சொல்லக் கேட்கவில்லையே" என்றார். உண்மைதான். மீதமிருந்த பிரதிகளை அவரே அலமாரியிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு, "ஆனாலும் திருமணம் ஆயுளுக்கானது என்றுதான் நான் நம்புகிறேன்" என்றார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் அந்த நான்காவது வரியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு மணிக்கட்டு நினைவுக்கு வருகிறது. சூதாட்ட விடுதிக்கு எதிரான கடிதத்தில் இப்போதும் கையெழுத்துப் போடுகிறேன், முதியவர்களைப் பார்க்கப் போகும் சனிக்கிழமைகளில் கூடப் போகிறேன். மற்ற கூட்டங்களில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்கிறேன், பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன்.

ரெபேக்கா ஆராதனைக்குத் திரும்பி வரவில்லை. அத்தையோடு மட்டும் வாரம் ஒரு தடவை பேசுகிறாள், தன் உடைந்த தமிழில். என்ன பேசுவார்கள் என்று கேட்பதில்லை. கேட்காமலிருக்க இப்போதுதான் பழகுகிறேன்.

தாள் மட்டும் நிற்கவில்லை. வேலூரிலிருந்து வரும், தூத்துக்குடியிலிருந்து வரும், துபாயிலிருந்து வரும். ஆமென் என்று போட்டு எனக்கே அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும், "இதை எழுதியவன் நான்தான், நான்காம் சாட்சி பொய், தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று பதில் போடுகிறேன். சிலர் என்னைப் பிசாசு என்று திட்டிவிட்டு பிளாக் செய்கிறார்கள். விமான நிலையச் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை, உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பெட்டிகளை நகர்த்திக்கொண்டே, இந்த நிமிடம் அதை யார் யாருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைப்பேன். ஒரு இடத்தில் நிற்க முடிவதில்லை. சூப்பர்வைசர் என்னைச் சுறுசுறுப்பானவன் என்று பாராட்டுகிறார்.

7

நேற்றுக் காலை வந்த செய்தி இதுதான்.

"பிரதர், ஸ்தோத்திரம். நான் அரக்கோணத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஆறு மாதமாக அவரைப் பிரிந்து இருக்கிறேன். உங்கள் சாட்சியைப் படித்தபிறகு பெலன் வந்தது. நாளைக் காலை வேலூருக்கு அவர் வீட்டுக்கே திரும்பிப் போகிறேன். அந்தச் சகோதரிக்குச் செய்ததைக் கர்த்தர் எனக்கும் செய்ய ஜெபியுங்கள்."

வழக்கமான பதிலை அனுப்பினேன். ஒரே ஒரு டிக், போய்ச் சேரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். நெட்டை அணைத்துவைத்திருந்தாளோ என்னவோ. எடுத்தாலும் நான் என்ன சொல்வேன்? ஆறு வருடம் முன்பு ஒரு பெண்ணிடம் போனில் ஒரு மணி நேரம் பேசிய அதே வாய். கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, கையுறை இல்லாத விரல் மரத்துப்போயிருந்தது, வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மெர்சியைக் கூப்பிட்டேன். பின்னால் சத்தமும் சிரிப்பும் கேட்டன, கேக் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். கல்யாண நாள் வாழ்த்தைச் சொல்லக்கூட இல்லை, செய்தியைப் படித்தேன்.

சிரிப்பை விட்டு அவள் தள்ளி நடந்து போவது கேட்டது.

"மெர்சி, உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை."

"நம்பர அனுப்பு" என்றாள்.

"நீ என்ன..."

"அனுப்புண்ணா. நான் பாத்துக்கறேன்."

அனுப்பினேன். வேலைக்குப் போனேன். தேநீர் இடைவேளை வரும்வரை ஒரு பெட்டியின் லேபிளைக்கூடச் சரியாகப் படித்திருக்க மாட்டேன். லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தபோது மெர்சியின் குரல் செய்தி வந்திருந்தது.

"பேசினேண்ணா. மொதல்ல எடுக்கல, நாலாவது தபா எடுத்தா. வேலூருக்குப் போகல. நாளைக்குக் காத்தால வண்டிய புட்ச்சி இங்க வரா. ஸ்டேஷனாண்ட போயி நான் கூட்டிகினு வரேன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிகீறாரு. நீ போயி வேலயப் பாரு."

திரும்பக் கூப்பிட்டேன். நன்றி என்று சொல்ல வந்தவன், அதைச் சொல்லாமல், "அவளிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ எங்க நிறுத்துனியோ, அங்கருந்து சொன்னேன்" என்றாள் மெர்சி.